வான் பாயும் ஓசை இரைச்சலா?

மாரியில் வட இலங்கையின் வன்னியிலுள்ள இரணைமடுக் குளம் நிறைந்து வான்கதவுகள் திறபடும்போது எழும் ஓசைக்குச் சுருதி கிடையாது. கனத்த ஒலியும் மெல்லிய ஒலியும் ஒன்றாய்க் கலந்து, ஏற்ற இறக்கமில்லாமல் இரவு பகலாக நீளும். கனகராயன் ஆற்று நீரை நம்பி வயல் செய்பவருக்கு அது அடுத்த போகத்துக்கான நம்பிக்கை. 2018 டிசெம்பர் வெள்ளத்தில் வீட்டுக்குள் நீர் புகக் கண்டவருக்கு அச்சம். ஒலிப்பதிவுக் கணினிக்கு மட்டும் அது வெறும் இரைச்சல், ஏனென்றால் மாறாமல் தொடரும் ஒலியைக் கண்டுபிடித்துக் கழித்துவிடவே அதன் மென்பொருள் எழுதப்பட்டிருக்கிறது. வன்னியின் இசை பதிவான கதையை இந்த முரணிலிருந்து தொடங்குவதுதான் பொருத்தம். ஒலிவாங்கியும் டிஜிட்டல் செயலாக்கமும் பாடகரை நம் காதருகே கொண்டுவந்தன; அதற்கு விலையாக அவர் நின்று பாடிய இடத்தைப் பாட்டிலிருந்து அகற்றின.

ஒலிவாங்கி வருவதற்கு முன் தூரத்தைக் கடக்கும் பொறுப்பு முழுவதும் தொண்டையுடையது. முல்லைத்தீவின் கோவலன் கூத்தோ, அம்மன் கோயில் வெளியில் விடிய விடிய ஆடிய காத்தவராயன் கூத்தோ, கடைசி வரிசையில் பாய் விரித்திருந்தவருக்கும் கேட்கும்படி உச்சத்தில் பாடப்பட்டது. 1926இல் இலங்கையில் சேர்ந்து நடிக்கத் தொடங்கிய கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் புகழ்பெற்றதும் அதே எட்டும் குரலால்தான். 1925 வரை இசைத்தட்டுப் பதிவும் கூம்புக்குள் உரக்கப் பாடுவதாகவே இருந்தது. அந்த ஆண்டு மின்முறைப் பதிவு வணிகத்துக்கு வந்ததும், முணுமுணுப்பும் பெருமூச்சும் பாட்டின் பகுதியாக இடம் பெற்றன. பின்னர் ஒரு பக்க ஒலியை மட்டும் விரும்பி வாங்கும் ஒலிவாங்கிகள் பரவின. 1966இல் வந்த ஷூர் எஸ்எம்58 இன்றும் உலக மேடைகளெங்கும் பாடகர் கையில் இருக்கிறது. முன்னால் இருக்கும் வாயைக் கேட்பதும் பின்னால் இருப்பதைத் தவிர்ப்பதும் அதன் அமைப்பு. வாயை நெருக்கிப் பிடித்தால் குரலின் கனமும் கூடும். ஆக, இடத்தை விலக்கும் வேலை கணினிக்கு வெகுகாலம் முன்பே தொடங்கிவிட்டது.

வன்னியில் இந்த விலக்கலுக்குப் போர் ஒரு நியாயத்தைக் கொடுத்தது. 1990களில் அந்நிலத்தின் பெரும்பகுதியில் மின்விநியோகம் இல்லை. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள்களில் ஒன்று. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட காலம் அது. 1990 நவம்பரில் தொடங்கிய, விடுதலைப் புலிகள் இயக்கத்தின் வானொலியான புலிகளின் குரல், யாழ்ப்பாணம் கைமாறிய பின் வன்னியிலிருந்து ஒலித்தது. 2007 நவம்பர் 27ஆம் திகதி கிளிநொச்சியில் அந்த நிலையத்தின் மீது நடந்த வான்தாக்குதலில் பணியாளர்கள் கொல்லப்பட்டனர். இப்படிப்பட்ட சூழலில் கேட்பவரை அடைந்தாக வேண்டிய பாட்டுக்குத் தெளிவு அழகியல் விருப்பமல்ல, தேவை. மின்பிறப்பாக்கியின் உறுமல் ஒலிநாடாவில் ஏறாமல் காப்பதே பெரும்பாடு. கூடவே, எந்தப் பாட்டு பதிவாக வேண்டும் என்பதும் ஒலிவாங்கியை வைத்திருந்தவரின் முடிவாக இருந்தது. இயக்கத்துக்கு உதவாத குரல்களுக்கு அந்த வாசல் அகலமானதல்ல. 2017 பெப்ரவரியில் மறைந்த பாடகர் எஸ்.ஜி. சாந்தன், கூத்து மேடை, ஒலிப்பதிவு என்னும் இரு உலகங்களிலும் நின்றவர். மேடையில் அரிச்சந்திரனாக மயான காண்டம் பாடிய அவர் நாடெங்கும் அறியப்பட்டது பதிவுப் பாடல்களால். மேடைப் பாட்டில் இரவும் சனமும் கூடப் பாடும். பதிவில் குரலும் வாத்தியமும் மட்டும்.

டிஜிட்டல் செயலாக்கம் இந்தப் போக்கை முழுமையாக்கியது. 1979இல் விவரிக்கப்பட்ட நிறமாலைக் கழித்தல் என்னும் முறை எளிமையானது: பாட்டு இல்லாத கணத்தின் ஒலியை மாதிரியாக எடுத்துக்கொண்டு, அதன் அளவைப் பாட்டின் எல்லாக் கணங்களிலிருந்தும் கழிப்பது. அப்படிக் கழித்த குரல் வறண்டு ஒலிக்கும் என்பதால் செயற்கை எதிரொலி சேர்ப்பார்கள். 1976இல் ஜேர்மனியின் இஎம்டி 250 அதைக் கணக்கீட்டால் உண்டாக்கியது. 1990களின் இறுதியில் உண்மையான மண்டபங்களின் எதிரொலியையே அளந்து எந்தக் குரலுக்கும் போர்த்த முடிந்தது. விளைவைப் பாருங்கள்: இரணைமடுக் கட்டில் பாடியவரின் பின்னணியிலிருந்து குளத்தை எடுத்துவிட்டு, அவர் கால் வைத்தேயிராத ஐரோப்பியத் தேவாலயத்தை அங்கே வைக்கிறோம். இன்றைய கைத்தொலைபேசி இந்தக் கழித்தலை நம்மைக் கேளாமலே செய்கிறது. பேச்சுக் குரலுக்காகப் பழக்கப்பட்ட அதன் வடிகட்டி, உடுக்கின் நீண்ட அதிர்வையும் தவளைக் கூட்டத்தையும் ஒரே குப்பையில் போடக்கூடும்.

இதற்கு மறுப்புகள் உண்டு. பாடகரே சுத்தமான பதிவைத்தானே கேட்கிறார் என்பது முதலாவது. உண்மைதான், கோயில் பாட்டு வெளியிடுபவர் குளத்து ஓசைக்காகப் பணம் செலவழிப்பதில்லை, அவர் விருப்பத்தை மறுக்க யாருக்கும் உரிமையில்லை. ஆனால் வெளியீட்டுக்குச் செய்யும் ஒப்பனை வேறு, காப்பகத்துக்கு வைக்கும் மூலம் வேறு. நாம் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டு, ஒப்பனை முடிந்ததும் மூலத்தை அழிக்கிறோம். கழித்த ஒலியை மீண்டும் கூட்ட எந்த மென்பொருளாலும் முடியாது. கூத்துப் பிரதிகளும் நாட்டார் பாடல்களும் அச்சில் இருக்கின்றனவே என்பது இரண்டாவது. அச்சு சொல்லைக் காக்கும். எத்தனை உரக்கப் பாடினார், பார்வையாளர் எங்கே சிரித்தார், வெளியில் குரல் எப்படித் தேய்ந்தது என்பவை அதில் இல்லை. சூழல் ஓசை மீதான இந்த ஆசை வெறும் பழமை ஏக்கம் என்பது மூன்றாவது, வலுவானதும்கூட. ஏக்கம் என்று ஒதுக்க முடியாத காரணம் ஒன்று வன்னிக்கு இருக்கிறது. 2009இல் ஊர்கள் முழுதாகப் பெயர்ந்தன. திரும்பி வந்தவர்களுக்கு வீடும் ஆவணமும் மட்டுமல்ல, ஊரின் ஒலியும் மாறியிருந்தது. அழிவைக் கண்ட நிலத்தில் பாட்டு எங்கே பாடப்பட்டது என்பதும் ஒரு சான்று.

செலவும் இப்போது தடையல்ல. இரு தட ஒலியை 24 பிட், 48 கிலோஹேர்ட்ஸ் தரத்தில் சுருக்காமல் வைத்தால், ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 1 ஜிகாபைட். ஓர் இரவுக் கூத்து முழுவதும் விரல் நகமளவு அட்டையில் அடங்கும். பாடகர் வாயருகே ஓர் ஒலிவாங்கி வைப்பவர், சனத்தின் பின்னால் இன்னொன்று வைக்கட்டும். முதலாவதை விரும்பியபடி திருத்தட்டும், இரண்டாவதைத் தொடாமல் விடட்டும். அந்தக் கோப்பின் பெயரில் பாட்டும் பாடியவரும் இருப்பது போல, இரணைமடு, மார்கழி, வான் பாய்கிறது என்ற குறிப்பும் இருந்தால் போதும்.