ஜொகூர் காட்டுப் பிசினும் ஒளியில் இறுகும் பசையும்



மூக்குக்கண்ணாடியின் உடைந்த சட்டம், தும்பிக்கை ஒடிந்த பீங்கான் யானை, பிள்ளைகளின் விளையாட்டு வண்டி ஆகியவற்றை ஒட்டுவதற்கு இப்பொழுது கடைகளில் புதுவகைப் பசை ஒன்று கிடைக்கின்றது. சிறு குழாயில் தெளிந்த நீர்மம் இருக்கும். அதனுடன் ஊதா ஒளி தரும் சிறு விளக்கும் இருக்கும். பசையைத் தடவிவிட்டு, துண்டுகள் சரியாகப் பொருந்தும்வரை அவற்றை நகர்த்திப் பார்க்கலாம். விளக்கைக் காட்டிய சில நொடிகளில் பசை கெட்டியாகிவிடும்.

மேலைநாட்டு ஆய்வுக்கூடத்திலிருந்து திடீரென வந்து சேர்ந்த புதுமை என்றே இதனைப் பலரும் எண்ணுகின்றனர். ஆனால், இதன் முன்வரலாற்றைத் தேடிச் சென்றால் அந்த வழி நம் ஜொகூர் மாநிலத்துக் காடுகளையும் தொட்டுச் செல்வதைக் காணலாம். அவ்வழியில் ஒரு மரத்தின் அழிவும் காட்டு மக்களின் அறிவும் உள்ளன. பள்ளிப் பிள்ளைகளுக்கு நாம் சொல்ல வேண்டிய வரலாறு இது.

பசைகளின் குணம்

பசை எதுவாயினும் முதலில் இளகியிருக்க வேண்டும். பிறகு இறுக வேண்டும். எப்பொழுது இறுகும் என்பதில்தான் பசைக்குப் பசை வேறுபாடு.

சோற்றுப் பசையும் வேப்பம் பிசினும் தம்மிடமுள்ள நீர் உலர்ந்தால் இறுகும். தச்சர்கள் காய்ச்சிப் பயன்படுத்திய வச்சிரம், விலங்குகளின் தோல், எலும்பு ஆகியவற்றிலிருந்து எடுக்கப்பட்டது. சூடு ஆறினால் இறுகும். பொற்கொல்லர் பயன்படுத்தும் அரக்கும் அவ்வாறே. அனலில் இளகும், ஆறினால் நகையை அசையாமல் பிடித்துக்கொள்ளும். பாண்டவர்களை எரிக்கக் கட்டப்பட்ட அரக்கு மாளிகையின் கதையை அறிந்த நமக்கு, அரக்கு அனலுக்குக் கட்டுப்பட்ட பொருள் என்பது புதிய செய்தியன்று. மிதிவண்டிக் குழாயின் ஓட்டையை அடைக்கும் ரப்பர் கரைசல், கரைப்பான் ஆவியாவதால் பிடிக்கின்றது. நொடியில் ஒட்டும் 'சூப்பர் குளு'வோ காற்றிலும் பொருளின் மேற்பரப்பிலும் உள்ள ஈரத்தால் இறுகுகின்றது. 1958ஆம் ஆண்டில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது.

இவற்றுள் பல, தொடங்கிவிட்டால் நமக்காகக் காத்திருப்பதில்லை. நாம் சொல்லும்வரை காத்திருந்து, சொன்னவுடன் இறுகும் பொருளையே மனிதன் தேடி வந்தான். அத்தகைய பொருள்களுள் ஒன்று நம் காடுகளில் இருந்தது.

வெந்நீரில் இளகிய பிசின்

மலாய் மொழியில் 'கெத்தா' என்றால் மரப்பால் அல்லது பிசின். இன்று அச்சொல்லைக் கேட்டவுடன் நமக்கு ரப்பர்தான் நினைவுக்கு வரும். ஆனால், ரப்பர் மரம் இந்நாட்டுக்கு வருவதற்கு முன்பே 'கெத்தா பெர்ச்சா' இங்கிருந்தது. 'கெத்தா தாபான்' என்றும் அதனை அழைப்பர். அது இலுப்பை, மகிழம், சப்போட்டா ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு காட்டு மரத்தின் பால்.

அறை வெப்பத்தில் அது மரக்கட்டையைப்போல் உறுதியாக இருக்கும். வெந்நீரில் இட்டால் களிமண்ணைப்போல் இளகும். விரும்பிய வடிவில் பிடித்து ஆறவிட்டால் மீண்டும் உறுதியாகிவிடும். இந்தக் குணத்தை அறிந்த இப்பகுதி மக்கள் அதனைக்கொண்டு பாராங் கத்திக்குப் பிடி செய்தனர்.

சிங்கப்பூரில் பணியாற்றிய வில்லியம் மாண்ட்காமரி என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர், மலாய்த் தொழிலாளி ஒருவர் வைத்திருந்த கத்தியின் பிடியைக் கண்டு வியந்து, அதன் செய்முறையைக் கேட்டறிந்தார். 1843ஆம் ஆண்டில் அதன் மாதிரிகள் இலண்டனை அடைந்தன. அதே ஆண்டில் சிங்கப்பூர் வணிகரான ஜோசே டி அல்மெய்டாவும் மாதிரிகளைக் கொண்டு சேர்த்தார். மாண்ட்காமரிக்கு இலண்டன் கலைக் கழகம் தங்கப் பதக்கம் வழங்கியது. அவருக்கு அதனைக் கற்றுக்கொடுத்த தொழிலாளியை நூல்கள் 'ஒரு மலாய்க்காரர்' என்று சொல்லி நகர்ந்துவிடுகின்றன.

தெமெங்கோங்கும் காடும்

இப்பிசினுக்கு ஐரோப்பாவில் பெருந்தேவை எழுந்தபொழுது, அதனால் முதலில் செல்வம் பெற்றவர்களுள் தெமெங்கோங் டாயேங் இப்ராகிம் குறிப்பிடத்தக்கவர். சிங்கப்பூரின் தெலுக் பிளாங்காவில் தங்கியிருந்த அவர், 1840களில் ஜொகூர்க் காடுகளிலிருந்து வந்த பிசின் வணிகத்தைத் தம் கைக்குள் கொண்டுவந்தார். அவர் ஏகபோகம் செய்கிறார் என்று ஐரோப்பிய வணிகர்கள் முறையிடும் அளவுக்கு அப்பிடி இறுகியிருந்தது. அவரே 1855ஆம் ஆண்டு உடன்படிக்கையின் வழி ஜொகூரின் ஆட்சியைப் பெற்றார். இன்றைய ஜொகூர் பாருவின் தொடக்கமான தஞ்சோங் புத்திரியும் அக்காலத்தில் தோன்றியதே. புதிய ஜொகூரின் கட்டுமானத்திற்குக் காட்டுப் பிசினும் ஒரு கல் எடுத்துக் கொடுத்தது எனலாம்.

காட்டுக்குள் சென்று பிசினைச் சேர்த்தவர்களோ பெரும்பாலும் பூர்வகுடி மக்களும் மலாய்க்காரர்களும் ஆவர். துணி, அரிசி போன்ற பொருள்களுக்கு மாற்றாகப் பிசினைக் கொடுத்தவர்கள் அவர்கள்.

இங்குதான் வேதனையான செய்தி வருகின்றது. ரப்பர் மரத்தைச் சீவினால் பால் வடியும், மரமும் வாழும். கெத்தா பெர்ச்சாவின் பால் அவ்வாறு எளிதில் வழிந்தோடாது, விரைவில் உறைந்துவிடும். ஆகவே, மரத்தையே வெட்டிச் சாய்த்து, அடிமரத்தில் வளையம் வளையமாகக் கீறிப் பாலைச் சேர்த்தனர். பல்லாண்டு வளர்ந்த ஒரு மரத்திலிருந்து கிடைத்தது பெரும்பாலும் சில நூறு கிராம் பிசின்தான். சிங்கப்பூர்த் தீவில் அம்மரம் சில ஆண்டுகளிலேயே அரிதாகிப்போனது. வெட்டுவோர் ஜொகூரின் உட்காடுகளுக்கும் அதற்கு அப்பாலும் நகர்ந்தனர்.

கடலடியில் நம் காடு

இத்தனை மரங்களும் எங்கே போயின? பெரும்பகுதி கடலுக்கடியில் போய்ச் சேர்ந்தது. கெத்தா பெர்ச்சா மின்சாரத்தைக் கடத்தாது என்பதனை மைக்கேல் பாரடே 1848ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார். செம்புக் கம்பியின்மேல் அதனைப் பூசிக் கடலடித் தந்திக் கம்பிகள் செய்தனர். 1851இல் இங்கிலாந்தும் பிரான்சும், 1866இல் ஐரோப்பாவும் அமெரிக்காவும் நிலையாக இணைந்தன. 1870-71 காலத்தில் சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்கும் கம்பி வந்தது. தமிழகத்திற்கும் இம்மண்ணுக்கும் இடையே ஓடிய முதல் தந்திச் செய்திகளை இம்மண்டலத்துக் காட்டுப் பிசினே சுமந்தது.

இப்பிசினுக்குப் பகை எது தெரியுமா? வெளிச்சமும் காற்றும். அவை பட்டால் அது நாளடைவில் உலர்ந்து நொறுங்கும். கடலடியின் இருளில் பல்லாண்டு கெடாமல் கிடக்கும். 1933ஆம் ஆண்டில் கண்டறியப்பட்ட பாலிஎத்திலீன் பின்னர் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

ஒளியைக் கட்டளையாக ஏற்ற பசை

ஒளி ஒன்றைக் கெடுக்கும், மற்றொன்றை இறுக்கும். பிரான்சு நாட்டின் நியெப்ஸ் என்பவர் 1820களில் ஒருவகை நிலக்கீலைத் தகட்டில் பூசி ஒளியில் வைத்தார். ஒளி பட்ட இடம் கெட்டியானது; படாத இடத்தைக் கரைத்துக் கழுவ முடிந்தது. இன்று எஞ்சியுள்ள மிகப் பழைய நிழற்படம் இவ்வாறு பிறந்ததே. ஒளியில் இறுகும் பொருள்களின் மூத்த முன்னோர் அது.

இக்குணத்தை நாள்தோறும் பயன்படும் தொழிலாக்கியவர்கள் பல் மருத்துவர்கள். 1955ஆம் ஆண்டில் அமெரிக்கரான மைக்கேல் புவோனகோர், பல்லின் மேற்பரப்பை அமிலத்தால் சற்றே அரித்தால் பிசின் நன்கு பற்றும் என்று காட்டினார். 1962இல் ரஃபேல் போவன் பல்லை அடைக்கும் புதிய பிசினுக்குக் காப்புரிமை பெற்றார். 1970களின் தொடக்கத்தில் புற ஊதா ஒளியாலும், அப்பத்தாண்டின் இறுதியில் நீல ஒளியாலும் அடைப்பு இறுக்கப்பட்டது.

நீல ஒளி பட்டதும் பிசினைத் தூண்டும் பொருள் எது என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். கற்பூரத்திலிருந்து பெறப்படும் 'கேம்ஃபர்குயினோன்' என்னும் மஞ்சள் நிறப் பொருள் அது. அதில் ஒரு சிட்டிகை போதும். ஒளி பட்டவுடன் சிறு மூலக்கூறுகள் கைகோத்து நீண்ட சங்கிலிகளாகின்றன, நீர்மம் திண்மமாகின்றது. வீட்டுக்கு விற்கப்படும் பசைகளில் பெரும்பாலும் வேறு தூண்டிகள் இருக்கும், முறை ஒன்றுதான்.

பல்வேர்ச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். வேரின் உட்குழியை அடைக்க இன்றும் பயன்படுவது கெத்தா பெர்ச்சா. 1867ஆம் ஆண்டிலேயே அப்பயன் தொடங்கிவிட்டது. அதற்குமேல் பல்லின் தலைப்பகுதியைப் பல வேளைகளில் நிரப்புவது நீல ஒளியில் இறுகும் பிசின். சூட்டுக்குக் கட்டுப்பட்ட பழம்பிசினும் ஒளிக்குக் கட்டுப்பட்ட புதுப்பிசினும் ஒரே பல்லில் குடியிருக்கின்றன.

கற்பூரம் தேடிய ஜக்குன் மக்கள்

கற்பூரத்திலும் ஜொகூருக்குப் பங்குண்டு. இங்குள்ள காப்பூர் மரத்தின் உட்பிளவுகளில் கிடைக்கும் படிகம், கோயிலில் நாம் ஏற்றும் கற்பூரத்தினின்று சற்று வேறானது. வேதியியலில் இரண்டும் நெருங்கிய உறவினர். அந்தப் படிகத்துக்குப் பெயர்பெற்ற சுமத்திராவின் பாருஸ் பகுதியில், ஐந்நூற்றுவர் என்னும் தமிழ் வணிகக் குழுவினர் 1088ஆம் ஆண்டில் தமிழ்க் கல்வெட்டு ஒன்றை நிறுத்தியுள்ளனர்.

ஜொகூரின் ஜக்குன் மக்கள் கற்பூரம் தேடிக் காட்டுக்குள் செல்லும்பொழுது அன்றாட மொழியைத் தவிர்த்து, 'பந்தாங் காப்பூர்' என்னும் தனி மொழியில் பேசினர். வழக்கமான சொல்லை உச்சரித்தால் கற்பூரம் கிடைக்காது என்பது அவர்களின் நம்பிக்கை. ஜேம்ஸ் லோகன் என்பவர் 1847ஆம் ஆண்டில் ஜொகூர் பூர்வகுடிகளைப்பற்றி எழுதியபொழுது இவ்வழக்கத்தைப் பதிவு செய்துள்ளார். எம்மரத்தில் படிகம் இருக்கும் என்று வெளியிலிருந்தே கணிக்கும் அறிவு அவர்களிடம் இருந்தது. ஒரு பொருளைத் தேடுவதற்கென்றே தனிச் சொற்களை வைத்திருந்த மக்களை அறியாதவர் என்று எவ்வாறு சொல்வது?

வீட்டில் பயன்படுத்துவோர் கவனத்திற்கு

1. ஒளி சென்றடையும் இடத்தில் மட்டுமே இப்பசை இறுகும். கண்ணாடி, ஒளி ஊடுருவும் நெகிழி ஆகியவற்றுக்கு ஏற்றது. இரண்டு மரத்துண்டுகளுக்கு இடையில் தடவினால் உள்ளே நீர்மமாகவே நின்றுவிடும்.

2. ஒட்டும் பரப்பைத் துடைத்து, உப்புத்தாளால் இலேசாகத் தேய்த்துக்கொள்ளுங்கள். புவோனகோர் பல்லில் செய்ததும் ஏறத்தாழ இதுதான்.

3. தடிப்பாகப் பூச வேண்டாம். மெல்லிய அடுக்காகப் பூசி, ஒவ்வோர் அடுக்கையும் தனித்தனியே இறுக்குங்கள். பல் மருத்துவர்கள் பொதுவாக ஓர் அடுக்குக்கு ஏறத்தாழ 2 மில்லிமீட்டருக்குமேல் செல்வதில்லை.

4. விளக்கை நேரே பார்க்காதீர்கள். பிள்ளைகளிடம் தனியே கொடுக்காதீர்கள். இறுகாத பசை தோலில் பட்டால் ஒவ்வாமை உண்டாகலாம். உணவுப் பாத்திரங்களை இதனால் ஒட்டுவதைத் தவிர்ப்பது நன்று.

5. குழாயைச் சன்னலோரம் வைக்காதீர்கள். நம் நாட்டு வெயிலே அதற்கு விளக்காகிவிடும்.

நாம் சொல்ல வேண்டியது

ஆசிரியர்கள் கைவினை கற்பிக்கும்பொழுது 'இதனைக் கண்டுபிடித்தவர் யார்?' என்று பிள்ளைகள் கேட்பர். ஓர் ஐரோப்பியரின் பெயரையும் ஆண்டையும் சொல்லி முடிப்பது எளிது. அப்பெயர்களையும் சொல்வோம், அவர்களின் உழைப்பு பெரிது. அதனோடு, வெந்நீரில் இளகும் பிசினை முதலில் அறிந்த மலாய் மக்களையும், கற்பூரத்திற்கென ஒரு மொழி பேசிய ஜக்குன் மக்களையும், சில நூறு கிராம் பிசினுக்காகச் சாய்க்கப்பட்ட மரங்களையும் சேர்த்துச் சொல்வோம்.

பால்மரம் சீவி வாழ்ந்த தலைமுறையின் பிள்ளைகள் நாம். மரத்தைக் கொல்லாமல் பால் எடுப்பதன் அருமை நமக்கு நன்கு தெரியும். உடைந்த பொருளை எறியாமல் ஒட்டிப் பயன்படுத்தும் பழக்கமும் அதனோடு சேர்ந்ததே. ஒட்டப்பட்ட ஒவ்வொரு பொருளும், புதிதாக வெட்டப்பட வேண்டிய ஏதோ ஒன்றைச் சற்றே காப்பாற்றுகின்றது.