லாபுவில் எழாத விமான நிலையம்

ஆசிரியர்களே, தேர்வு எழுதப்போகும் மாணவர்களே, நெகிரி செம்பிலான் வரலாறு என்றதும் ரப்பர், ஈயம், அடாட் பெர்பாத்தே என்று எழுதிப் பழகிவிட்டோம். லாபு தோட்டப்புறம் விமான நிலையமாக மாறப் பார்த்த கதையை வகுப்பில் யாரும் சொல்வதில்லை.

2009 ஜனவரியில் ஏர் ஆசியாவும் சைம் டார்பியும் சேர்ந்து, லாபுவில் சைம் டார்பி நிலத்தில் மலிவுக் கட்டண விமானங்களுக்கு ஒரு நிலையம் கட்டப்போவதாக அறிவித்தன. மதிப்பு 160 கோடி ரிங்கிட். அரசாங்கமும் முதலில் தலையாட்டியது. அந்த மாதம் முடிவதற்குள் திட்டம் கைவிடப்பட்டது. அதற்குப் பதிலாக, சிலாங்கூர் எல்லைக்குள் இருக்கும் செப்பாங்கிலேயே கே.எல்.ஐ.ஏ. 2 கட்டப்பட்டு, 2014 மே 2-இல் இயங்கத் தொடங்கியது. அதோடு மூன்றாவது ஓடுபாதையும் வந்தது.

"லாபுல கட்டியிருந்தா விமானம் லேட்டாகிறது குறைஞ்சிருக்குமே, சார்?" என்று ஒரு மாணவர் கேட்டால் என்ன சொல்வீர்கள்? அதற்குத் தாமதத்தை எப்படி நிர்வகிக்கிறார்கள் என்று தெரிய வேண்டும்.

செம்பனைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இது சுலபம். ஆலை ஒரு மணி நேரத்தில் இத்தனை டன் குலைதான் வாங்கும். எல்லா லாரியும் ஒன்றாக வந்தால் எடைமேடையில் வரிசை நிற்கும். விவரமான மேனேஜர் தோட்டத்துக்குப் போன் போட்டு, "கொஞ்சம் கழிச்சு அனுப்புங்க" என்பார். லாரி இன்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருக்கலாம். வானத்தில் விமானம் அப்படி நிற்க முடியாது. வட்டமடிக்கும், எண்ணெய் எரியும்.

1973 எண்ணெய் நெருக்கடியில் விலை ஏறியதும் அமெரிக்காவில் இந்தக் கணக்கு உறைத்தது. 1981 ஆகஸ்டில் வேலைநிறுத்தம் செய்த 11,000-க்கும் மேற்பட்ட கட்டுப்பாட்டாளர்களை அதிபர் ரீகன் வேலைநீக்கம் செய்தார். மிஞ்சிய கொஞ்சம் பேரால் முழுச் சுமையைத் தாங்க முடியாது. எனவே விமானங்களைப் புறப்படும் ஊரிலேயே நிறுத்தி வைப்பது பெரிய அளவில் நடைமுறைக்கு வந்தது.

இன்றைக்கும் முறை அதேதான். மழை, இடி என்று சேரும் இடத்தின் கொள்ளளவு குறைந்தால், ஒவ்வொரு விமானத்துக்கும் தரையை விட்டு எழும் நேரம் ஒன்று கணக்கிட்டுத் தரப்படும். ஐரோப்பாவில் அந்த நேரத்துக்கு 5 நிமிடம் முன், 10 நிமிடம் பின் வரைதான் சலுகை. ஆசியாவில் சிங்கப்பூர், பாங்காக், ஹாங்காங் ஆகியவை 2015-இல் இதைக் கூட்டாகச் சோதிக்க ஆரம்பித்தன.

இதில் ஒரு நியாயப் பிரச்சினை இருக்கிறது, வகுப்பில் விவாதிக்கலாம். லண்டனிலிருந்து கிளம்பிவிட்ட விமானத்தைத் தரையில் நிறுத்த முடியுமா? அது வானில் இருக்கிறதே! ஆகவே காத்திருப்பு முழுக்கப் பினாங்கு மாதிரிக் கிட்டத்து ஊர்க்காரர் தலையில் விழும். எனக்கு இது சரியாகப் படவில்லை. ஆனால் இதைவிட நல்ல வழி எளிதல்ல என்பதும் உண்மை.

லாபுவுக்கு வருவோம். புது நிலையம் வந்திருந்தால் விமானம் நிறுத்த இடம் கூடியிருக்கும், சரி. ஆனால் பக்கத்துப் பக்கத்து நிலையங்கள் ஒரே வானத்தைப் பங்கு போடும். நியூயார்க்கின் கென்னடி, லகுவார்டியா, நியூவார்க் மூன்றும் படும் பாடு அதுதான்: ஒன்றின் பாதையை மாற்றினால் மற்றவற்றின் வரிசையும் மாறும். ஓடுபாதையை இரண்டாக்கினால் கொள்ளளவும் இரண்டாகும் என்று எழுதினால் பாதி மதிப்பெண்தான் தருவேன்.

இன்னொரு குழப்பமும் விடைத்தாள்களில் வரும். 1998 ஜூன் 30-இல் கே.எல்.ஐ.ஏ. முழுமையாக இயங்கத் தொடங்கியபோது பயணிகள் ஐந்து மணி நேரத்துக்கும் மேல் தவித்ததை, வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டின் தவறு என்று எழுதுகிறார்கள். இல்லை. நிறுத்துமிட ஒதுக்கீடும் பயணப்பெட்டி அமைப்பும் அன்று செயலிழந்தன. வானத்தில் கோளாறு இல்லை. மூன்று நாள் முன்னால், ஜூன் 27-இல், அந்த நிலையத்தைத் திறந்து வைத்த மாமன்னர் துவாங்கு ஜாஃபார் யார் தெரியுமா? நம்ம நெகிரி செம்பிலானின் யாங் டி பெர்துவான் பெசார்தான்.