மாஞ்சோலை: மலையைப் பார்க்கப் போறவங்களும் தோட்டத்தை உண்டாக்குனவங்களும்

மாஞ்சோலைக்குச் சுற்றுலா போய்வந்தவர்கள் எழுதுகிற கட்டுரைகளை நான் விடாமல் வாசிக்கிறேன். மேகம், அருவி, குளிர், குதிரைவெட்டியிலிருந்து தெரியும் பள்ளத்தாக்கு எல்லாம் அவற்றில் இருக்கும். மனுசன் மட்டும் இருக்கமாட்டான். பச்சைப் பாய் விரித்தாற்போலத் தேயிலை என்று எழுதுவார்கள். பாயை விரித்தது யாரென்று ஒரு வரி கிடையாது. இயற்கையை ரசிப்பதிலும் சாதி இருக்கிறது என்று சொன்னால் நண்பர்கள் சிலருக்குக் கோபம் வருகிறது. வரட்டும்.

தேயிலை அந்த மலையில தானா முளைச்சதில்ல. 1929இல் சிங்கம்பட்டி ஜமீன் தன் காட்டில் சுமார் 8,374 ஏக்கரை பம்பாய் பர்மா வர்த்தகக் கம்பெனிக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டது. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி எனத் தோட்டங்கள் உருவாயின. வேலைக்கு மலையேறியவர்களில் பெரும்பாலோர் நெல்லைச் சீமையின் தலித்துகள். கேரளத்திலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். ஏன் ஏறினாங்க? கீழே நமக்கு நிலமில்லை. பண்ணையார் வரப்பில் குனிந்தே நிற்கவேண்டும். மேலே போனால் கூலியாவது காசாகக் கைக்கு வரும் என்ற நம்பிக்கைதான்.

இன்றைக்கும் மழைக்கணக்கு சொல்லும் செய்திகளில் ஊத்து, நாலுமுக்கு என்ற பெயர்கள் முன்வரிசையில் வருகின்றன. பார்க்க வருகிறவனுக்கு அது மழை. கொழுந்து பறிச்சவளுக்கு அது அட்டைக்கடி, ஊறிப்போன விரல், முதுகில் கனக்கிற ஈரக்கொழுந்து.

1948ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப்பின் காடு அரசின் கைக்குப் போனது, குத்தகை தொடர்ந்தது. 1962இல் முண்டந்துறையும் 1976இல் களக்காடும் சரணாலயங்கள் ஆயின. 1988இல் இரண்டும் சேர்ந்து புலிகள் காப்பகம் ஆனது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் காகிதம் இருக்கிறது. ஜமீனுக்குக் காகிதம், கம்பெனிக்குக் காகிதம், புலிக்கும் காகிதம். லயன் வீட்டில் பிறந்து லயன் வீட்டிலேயே செத்தவர் பெயரில் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. வேலை இருக்கிறவரைதான் வீடு.

கூலி உயர்வு கேட்டுச் சிறைப்பட்ட தொழிலாளர்களை விடுதலை செய்யச் சொல்லி 1999 ஜூலை 23 அன்று நெல்லை ஆட்சியர் அலுவலகத்துக்கு ஊர்வலம் போனார்கள். போலீஸ் தடியடியால் சனங்கள் தாமிரபரணிக்குள் விரட்டப்பட்டார்கள். 17 பேர் செத்தார்கள். பெண்களும் ஒரு கைக்குழந்தையும் அதில் உண்டு. மாஞ்சோலை மலையில் பெய்கிற மழைதான் மணிமுத்தாறாக இறங்கி அந்த ஆற்றில் கலக்கிறது.

குத்தகை 2028வரை இருந்தும், 2024இல் கம்பெனி 'விருப்ப ஓய்வு' கொடுத்துத் தோட்டத்தை முடித்துக்கொண்டது. தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்தவர்களிடம் இறங்கிப் போகச் சொன்னார்கள். போக்கிடமில்லாதவனுக்கு வைக்கிற கெடுவில் விருப்பம் எங்கே இருக்கு?

காடு மறுபடி காடாகட்டும் என்பதை நான் எதிர்க்கவில்லை. தாமிரபரணி வற்றினால் முதலில் குடத்தோடு அலையப்போவது நம்ம தெருப் பொம்பளைகதான். என் கேள்வி வேறு. காட்டை அழிக்க ஒப்பந்தம் போட்டது ஜமீன். லாபம் எடுத்தது கம்பெனி. அழித்த காட்டுக்கு வட்டி கட்டவேண்டியவன் மட்டும் கூலிக்காரனா? அனுமதிச் சீட்டோடு ஒருநாள் வந்து போகிறவனைத் தாங்குகிற காடு, அங்கேயே பிறந்தவளை மட்டும் தாங்காது என்று சொல்வது என்ன கணக்கு? அவளை இறக்கித்தான் ஆகவேண்டும் என்றால், கீழே வீட்டோடு சேர்த்து உழுது பிழைக்க நிலமும் கொடுக்கவேண்டும். ஒரு நூற்றாண்டு உழைப்புக்கு அது பிச்சையில்லை, பாக்கி.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. ஆளில்லாத லயன்களைப் புதர் மூடிவிடும். கல்லறைகளையும் மூடிவிடும். இறங்கிவந்த சனங்க ஊர் ஊராகச் சிதறுவதற்குள் அவர்களிடம் போய் உட்காருங்கள். யார் எந்தத் தோட்டத்துக்கு எந்த ஊரிலிருந்து போனார்கள், எந்தப் பாதையில் ஏறினார்கள், யாரை எங்கே புதைத்தார்கள் என்று பெயரோடு எழுதி வாங்குங்கள். நாளைக்கு அந்த மலையில் பறவைக்கும் பட்டாம்பூச்சிக்கும் பெயர்ப்பலகை நடுவார்கள். பக்கத்தில் நடவேண்டிய இன்னொரு பலகைக்கான பெயர்கள் நம் கையில் இருக்கவேண்டும்.