மெக்கானிக்காக இருந்த விமானி

முதலாம் உலகப்போரின் விமானிகள் என்றவுடன் எங்களுக்கு ஞாபகம் வாறது ரிச்தோஃபனும் அவருடைய சிவப்பு விமானமும்தான். மற்றப் பக்கத்தில் பறந்த பிரித்தானியர் ஜேம்ஸ் மக்கடனை எங்களில் கனபேருக்குத் தெரியாது.

1895இல் ஜிலிங்ஹாமில் பிறந்தவர். அப்பா இராணுவப் பொறியியல் படைக்காரர். மகனும் 15 வயதில் அதே படையில் பியூகிள் ஊதும் பையனாகச் சேர்ந்தார். 1913இல் விமானப்படைக்கு மாறினார், மெக்கானிக்காக. அப்போது விமானி என்றால் பெரும்பாலும் வசதியான வீட்டுப் பிள்ளை. எஞ்சின் கழட்டிப் பூட்டுறவருக்கு வானம் லேசில் கிடைக்கவில்லை. 1914 ஆகஸ்டில் பிரான்சுக்குப் போனவர், விமானியாகப் போர்முனைக்குத் திரும்ப 1916 ஆகிவிட்டது.

ஆனால் அந்த மெக்கானிக் மூளைதான் அவரின் பலம். 1917இல் 56ஆம் ஸ்குவாட்ரனில் எஸ்.ஈ.5ஏ விமானம் கிடைத்தது. ஜேர்மன் உளவு விமானங்கள் எவரும் எட்டாத உயரத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தன. மக்கடன் எஞ்சினின் பிஸ்டன்களை மாற்றி, 20,000 அடிவரை ஏறினார். மேலே திறந்த இருக்கை, உறையவைக்கும் குளிர். எதிரியின் வாலுக்குக் கீழே, அவன் கண்ணில் படாத இடத்துக்குப் பொறுமையாக வந்துதான் சுடுவார். சுட்டு வீழ்த்திய ஒரு விமானத்தின் மூக்குக் கவசத்தைக் கழட்டித் தன்னுடையதில் பூட்டினார், வேகம் கொஞ்சம் கூடும் என்று! பழைய தொழில் விடுமோ?

1917 செப்டம்பர் 23ஆம் திகதி, இருபதே வயதான வேர்னர் வோஸ் தனியே இவரின் ஸ்குவாட்ரனோடு மோதினார். ஏறக்குறைய பத்து நிமிடம், பல விமானங்களைத் துளைத்துவிட்டு வீழ்ந்தார். வீழ்த்தியவர் ரைஸ் டேவிட்ஸ். எதிரியாக இருந்தும் வோஸின் துணிவை மக்கடன் மனம்விட்டுப் புகழ்ந்தார்.

அவர் கணக்கு 57 விமானங்கள். எழுதுவது லேசு. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை இரண்டுபேர் ஏறுகிறவை, அதனால் ஆட்களை எண்ணினால் தொகை வேறு. பிரித்தானிய விமானிகளுக்கும் பரசூட் கொடுக்கப்படவில்லை. அவர் வீட்டுக் கணக்கும் இருக்கிறது: அண்ணன் வில்லியம் 1915இல் பறக்கும்போது விபத்தில் இறந்தார், தம்பி ஜோன் 1918 மார்ச்சில் சுட்டு வீழ்த்தப்பட்டார். அடுத்த மாதமே மக்கடனுக்கு விக்டோரியா சிலுவை அறிவிக்கப்பட்டது.

1918 ஜூலை 9, புதிய ஸ்குவாட்ரனைப் பொறுப்பேற்கப் போகும் வழியில் ஒரு விமானத்தளத்தில் இறங்கினார். திரும்பக் கிளம்பிய சில கணங்களில் விமானம் மரங்களுக்குள் விழுந்தது. எஞ்சின் கோளாறு என்றுதான் பரவலாகச் சொல்லப்படுகிறது. அன்றிரவே இறந்தார், வயது 23. வாவான் கிராமத்துச் சிறிய மயானத்தில் புதைத்தார்கள்.