வேடந்தாங்கல் வாங்கிய கவுல்

1858-ஆம் ஆண்டில் செங்கல்பட்டு மாவட்டத்து ஏரிக்கரை ஊர்களைத் தொட்ட இரண்டு அரசு ஆவணங்கள் உண்டு. ஒன்று, சென்னை மாகாணம் முழுமைக்குமான கட்டாய உழைப்புச் சட்டம். வெள்ளத்தில் கரை உடையும் நிலை வந்தால் ஊரார் வந்து உழைக்க வேண்டும், ஊரார் கூடி ஏரியைப் பராமரிக்கும் வழக்கமான குடிமராமத்து வேலையைக் காரணமின்றி மறுக்கிறவர் அந்த உழைப்பின் மதிப்பைப் போல இரு மடங்கு கட்ட வேண்டும் என்றது அது. மற்றொன்று ஒரே ஓர் ஊருக்கானது. வேடந்தாங்கல் ஏரியில் கூடு கட்டும் பறவைகளை வெளியார் சுடக் கூடாது, அவற்றைக் காக்கும் உரிமை ஊராருக்கு உண்டு என்று அந்நாளைய கலெக்டர் புதுப்பித்துக் கொடுத்த கவுல், அதாவது எழுத்து உறுதி. சட்டத்தின் பலத்தோடு காப்பாற்றப் பார்த்த குடிமராமத்து, தலைமுறை தலைமுறையாகத் தேய்ந்தது. ஓர் ஊரின் கையில் இருந்த ஒற்றைத் தாள் காத்த பறவைக் காவலோ இன்றும் நடக்கிறது. பொது இடங்களையும் இயற்கையையும் மக்கள் தாமாக முன்வந்து காப்பது அவரவர் நல்ல மனத்தைப் பொறுத்தது என்று நாம் பேசிப் பழகிவிட்டோம். இந்த இரண்டு ஆவணங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. உரிமையோடு சேர்ந்து வந்த காவல் நிலைத்தது. உரிமையை எடுத்துக்கொண்டு கடமையை மட்டும் கேட்ட இடத்தில் தண்டம் போட்டும் காவல் நிலைக்கவில்லை.

வேடந்தாங்கல் ஏரி பெரியதல்ல, சுமார் 30 ஹெக்டேர்தான். வடகிழக்குப் பருவமழையில் நிரம்பி, கோடையில் வற்றிப்போகும் சாதாரணப் பாசன ஏரி. அதன் சிறப்பு தண்ணீருக்குள் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களில் இருக்கிறது. ஐப்பசி மழைக்குப் பிறகு நத்தைக்குத்தி நாரை, அரிவாள் மூக்கன், நீர்க்காகம், பாம்புத்தாரா, வக்கா, கரண்டிவாயன், கூழைக்கடா என்று ஆயிரக்கணக்கில் வந்து அந்த மரங்களில் கூடு கட்டும். மரத்தைச் சுற்றித் தண்ணீர் நிற்கும் வரை காட்டுப்பூனையும் கீரியும் குஞ்சுகளை நெருங்க முடியாது. இரை தேட இந்த ஏரி மட்டும் போதாது. பறவைகள் சுற்றுவட்டார ஏரிகளிலும் வயல்களிலும் மேய்ந்துவிட்டு இங்கே திரும்புகின்றன. அவற்றின் எச்சம் ஏரி நீரில் விழுந்து கரைகிறது. மதகைத் திறந்தால் தழைச்சத்தும் மணிச்சத்தும் கலந்த தண்ணீர் நெல் வயலுக்குப் போகிறது. சுற்றியுள்ள பல ஊர்களின் வயல் வளத்தைப் பறவைகள் நாள்தோறும் சுமந்துவந்து ஓர் ஊரின் ஏரியில் சேர்க்கின்றன என்றே சொல்லலாம். யூரியா மூட்டை வருவதற்கு நூறாண்டுகளுக்கு முன்பே இந்தக் கணக்கு வேடந்தாங்கல் உழவர்களுக்குத் தெரிந்திருந்தது.

பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் இந்தக் கணக்கைக் குலைக்கும் ஆள்கள் வந்தார்கள். துப்பாக்கி வைத்திருந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கு, மரத்தில் அடை காக்கும் நாரை எளிய குறி. ஊரார் கலெக்டரிடம் முறையிட்டார்கள். அப்போது கிழக்கிந்தியக் கும்பினியின் செங்கல்பட்டு ஜாகீருக்குக் கலெக்டராக இருந்தவர் லியோனல் பிளேஸ். மதுராந்தகம் பெரிய ஏரிக்கரையைச் செப்பனிட்டவர் இவர்; ஒரு பெருமழை இரவில் கரையை ராமரும் லட்சுமணரும் காத்து நின்றதைக் கண்டார் என்று ஏரி காத்த ராமர் கோயில் கதை சொல்லுவதும் இவரைப் பற்றித்தான். கதை எப்படியிருந்தாலும், ஏரி உடைந்தால் வரி வராது என்பதை நன்றாக அறிந்த அதிகாரி அவர். ஊராரின் பழைய வழக்கத்தை ஏற்று, பறவைகளைச் சுடவிடாமல் தடுக்க அவர்களுக்கு உரிமை உண்டு என்று கவுல் எழுதிக் கொடுத்தார். அவரை இயற்கைக் காவலராக உயர்த்தத் தேவையில்லை. பூந்தமல்லிப் பக்கத்தில் பரம்பரை நில உரிமை கொண்ட மிராசுதாரர்களோடு மோதி அவர்களுடைய உரிமையையே பறித்தவரும் அவர்தான். உரிமைகள் விஷயத்தில் இளகிய மனம் படைத்தவர் அல்லாத ஒருவரிடமிருந்து இந்த ஊர் ஓர் உரிமையை எழுத்தில் வாங்கியிருக்கிறது. அதனாலேயே அந்த முறையீட்டின் எடை கூடுகிறது.

அடுத்து நடந்ததுதான் எனக்கு முதன்மையாகப் படுகிறது. அந்தக் கவுல் தொலைந்துபோயிற்று. அது எழுதப்பட்டு ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் கழித்து, பிளேஸை நேரில் பார்த்தவர்கள் அநேகமாக யாருமே உயிரோடு இல்லாத காலத்தில், ஊரார் மறுபடி கலெக்டர் கச்சேரிக்குப் போய் 1858-இல் புதிய கவுல் வாங்கி வந்தார்கள். பறவைகள் மீதான பாசமே எல்லாவற்றுக்கும் காரணம் என்றால் தாள் எதற்கு? தங்களுக்குள் வழக்கத்தைக் காப்பாற்றிக்கொள்ள ஊராருக்கு எழுத்து தேவைப்படவில்லை. வெளியிலிருந்து வருகிறவனை, அதிலும் ஆளும் இனத்தைச் சேர்ந்தவனை, கரையிலேயே நிறுத்தி “சுடாதே” என்று சொல்லத்தான் எழுத்து தேவைப்பட்டது. தாள் தொலைந்த பிறகும் பேரப்பிள்ளைகள் காலம் வரை அதன் நினைவு மறையவில்லை என்றால், இடைப்பட்ட ஆண்டுகளில் அது பலமுறை பயன்பட்டிருக்க வேண்டும், அல்லது அது இல்லாத குறை பலமுறை உறைத்திருக்க வேண்டும். அரசிடம் முறையிட்டு, எழுதி வாங்கி, தொலைந்ததை மறுபடி கேட்டு வாங்கும் இந்த விடாப்பிடியைத்தான் இன்று சூழல் செயல்பாடு என்கிறோம். அது நகரத்துப் படித்தவர்கள் அண்மையில் கொண்டுவந்த பழக்கம் என்று நினைப்பவர்கள் இந்த ஊரின் வரலாற்றைப் பார்க்க வேண்டும்.

இனி குடிமராமத்து. இதே வட்டாரத்து உத்திரமேரூரில் உள்ள முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் 919, 921-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஏரியைப் பார்த்துக்கொள்ள ஏரி வாரியம், தோட்டங்களுக்குத் தோட்ட வாரியம், அவற்றுக்குக் குடவோலை முறையில் ஆள் தேர்வு என்று அவை விரிவாகப் பேசுகின்றன. சோழர் அமைப்பு மறைந்த பின்னும் ஏரிப் பராமரிப்புக்கு அடிப்படையாக ஓர் ஏற்பாடு நீடித்தது. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு செங்கல்பட்டுச் சீமையில் எடுத்த கணக்கெடுப்பு அதைக் காட்டுகிறது. களத்து மேட்டில் நெல்லைப் பங்கிடும் முன்பே கோயிலுக்கு, காவலுக்கு, கொல்லருக்கு, தச்சருக்கு என்று எடுத்து வைப்பதுபோல் ஏரிக்கும் ஒரு பங்கு எடுத்துவைக்கப்பட்டது. மானிய நிலமும் இருந்தது. ஊரார் மண் சுமந்தார்கள் என்றால், அந்த மண்ணுக்குப் பின்னால் ஊர் நிர்வகித்த வருவாயும், தண்ணீரைப் பங்கிடும் அதிகாரமும் இருந்தன. கும்பினி ஆட்சி வருவாயை வரியாக இழுத்துக்கொண்டது. ரயத்துவாரி முறையில் ஒவ்வொரு உழவரும் தனித்தனியாக அரசுக்குக் குடியானவர் ஆனார். ஏரி அரசின் உடைமை ஆயிற்று. மிஞ்சியது மண் சுமக்கும் கடமை. அந்தக் கடமையைத்தான் 1858 சட்டம் தண்டம் காட்டிக் கேட்டது. தண்டத்தை வசூலிப்பது பெரும்பாடு. தூர் எடுக்கும் வேலையை ஊரும் அரசுத் துறையும் ஒன்றன் தலையில் ஒன்று கட்டிக்கொண்டிருந்தன. 2017-இல் தமிழக அரசு 100 கோடி ரூபாயில் தூர்வாரும் திட்டம் தொடங்கி அதற்குக் குடிமராமத்து என்று பெயர் வைத்தது. பெயர் திரும்ப வந்தது. தண்ணீரின் மீதான ஊரின் அதிகாரம் வரவில்லை.

இதற்கு எழும் முதல் மறுப்பு எளிதானது. வேடந்தாங்கல் உழவர்கள் காத்தது தங்கள் நெல்லைத்தானே, அதைத் தொண்டு என்று எப்படிச் சொல்வது? நெல்லும் காரணம்தான், சந்தேகமில்லை. ஆனால் எச்ச உரம் அறுவடையாக மாறப் பல மாதங்கள் ஆகும். சுட்டு விற்றால் இறைச்சிக்குக் காசு அன்றே கிடைக்கும். மாசி, பங்குனியில் கடைசிக் குஞ்சு பறக்கும் வரை ஏரியில் தண்ணீர் நிற்க வேண்டும் என்றால் மதகைத் திறக்கும் கை சற்றே பொறுக்க வேண்டும். ஒவ்வொரு ஆண்டும் ஒவ்வொரு குடும்பமும் இந்தப் பொறுமைக்கு உடன்பட வேண்டும். ஒருவர் மீறினாலும் மற்ற எல்லாருக்கும் இழப்பு. தன்னலம் மட்டுமே இதை இருநூறு ஆண்டுகள் கட்டிக்காத்திருக்க முடியாது. பலனே இல்லாத தியாகத்தை மட்டும் தொண்டு என்று ஏற்பவர்கள், பலனோடு வாழும் பாமரரைக் காவலர் கணக்கிலிருந்து நீக்கிவிடுகிறார்கள். காடுகள் விஷயத்தில் பலமுறை அப்படித்தான் நடந்தது.

இரண்டாவது மறுப்பு கனமானது, அதை முழுமையாகத் தள்ள எனக்கு வழியில்லை. “ஊரார்” என்பவர் யார்? உத்திரமேரூர் வாரியத்தில் உட்கார கால்வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதக் கல்வி வேண்டும். மண் சுமந்த கைகளில் பெரும்பாலானவை நிலமில்லாத சாதிகளின் கைகள். பிளேஸிடம் முறையிட்டவர்களும் நிலம் வைத்திருந்தவர்களாகவே இருந்திருப்பார்கள். பழைய ஊர் ஏற்பாட்டைப் பொற்காலமாக்கும் எழுத்து இந்த உண்மையை மெல்லத் தாண்டிப்போகிறது. ஆனால் இதிலிருந்து எழவேண்டிய முடிவு, உரிமையை ஊரிடமிருந்து எடுத்துத் துறையிடம் கொடுக்கலாம் என்பதன்று. துறைக்குப் போன இடங்களிலும் நிலமில்லாதவருக்கு எதுவும் வந்து சேரவில்லை. மீன்பிடி, விறகு, மேய்ச்சல் ஆகியவற்றில் அவர்களுக்கு இருந்த சிறு பிடிமானமும் சேர்ந்தே போயிற்று. உரிமை எழுதப்படும்போது யார் பெயர் அதில் ஏறுகிறது என்று கேட்பதே பொருத்தமான கேள்வி.

தாளே இல்லாத ஊர்களும் பறவைகளைக் காத்திருக்கின்றனவே என்றும் கேட்கலாம். சிவகங்கை மாவட்டத்தின் கொள்ளுக்குடிப்பட்டியில் பறவைகள் மிரளும் என்று பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. பட்டாசு வாங்க ஓடும் வயதில் உள்ள பிள்ளைகளும் இதற்குக் கட்டுப்படுகிறார்கள். திருநெல்வேலியின் கூந்தன்குளத்தில் நாரைகள் வீட்டு முற்றத்து மரங்களிலேயே கூடு கட்டுகின்றன. கூட்டிலிருந்து தவறி விழும் குஞ்சுகளை ஊரார் எடுத்து மீன் போட்டு வளர்க்கிறார்கள். இந்த ஊர்களில் காவலுக்கு எழுத்து தேவைப்படாததற்குக் காரணம், அபாயம் ஊருக்குள்ளிருந்தே வரக்கூடியதாக இருந்ததுதான். வெடியை நிறுத்த ஊர்க்கட்டுப்பாடு போதும். அதிகாரமுள்ள வெளியாளைத் தடுக்க ஊர்க்கட்டுப்பாடு போதாது. வேடந்தாங்கல் அதை மற்றவர்களுக்கு முன்பே தெரிந்துகொண்டது.

இருபதாம் நூற்றாண்டில் அரசு தானே காவலுக்கு வந்தது. 1936-இல் வேடந்தாங்கல் சரணாலயமாக ஏற்கப்பட்டது. 1972-இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1998-இல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரை சரணாலயம் என்று அறிவிக்கப்பட்டது. இரை தேடும் வயல்களையும் ஏரிகளையும் சேர்த்துக்கொண்ட இந்த எல்லை அறிவுக்கு ஒத்தது. 30 ஹெக்டேரை மட்டும் காத்துப் பயனில்லை. துப்பாக்கிக்குப் பதில் தொழிற்சாலை வரும் காலத்தில் கலெக்டரின் கவுல் எதையும் தடுக்காது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். வலுவான சட்டம் வேண்டும். ஆனால் 2020-இல் அந்த 5 கிலோமீட்டரை 3 ஆகக் குறைக்கும் யோசனை புறப்பட்டது அரசுத் துறையிடமிருந்தேதான். அதை எதிர்த்துக் குரல் கொடுத்தவர்கள் மக்கள், பறவை ஆர்வலர்கள், வழக்கறிஞர்கள். எல்லையைச் சட்டம் வரைந்தது. அந்தச் சட்டத்தைக் காக்க மறுபடியும் முறையிடுவோர் தேவைப்பட்டார்கள்.

மதுரை மாவட்டத்தின் அரிட்டாபட்டியிலும் இதே வரிசையைக் காணலாம். குன்றுகளும் சுனைகளும் சமணப் படுகைகளும் வல்லூறுகளும் கொண்ட அந்தப் பகுதியில் 193 ஹெக்டேர் 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. இரண்டே ஆண்டுகளில், 2024 நவம்பரில், அதையும் உள்ளடக்கிய நிலப்பரப்பு டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் போயிற்று. கிராம சபைகள் தீர்மானம் போட்டன, ஊர்கள் திரண்டன, சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. கையில் இருந்த அறிவிப்பு ஏலத்தைத் தானாகத் தடுத்துவிடவில்லை. ஆனால் எதிர்த்தவர்கள் சுட்டிக்காட்ட அதில் ஓர் எழுத்து இருந்தது. கிராம சபைத் தீர்மானம் என்னும் இன்னொரு எழுத்தை அவர்களே உண்டாக்கிக்கொண்டார்கள்.

ஊரார் தாமாகக் காக்கும் இடத்தை அப்படியே ஏற்கும் பிரிவு இந்தியச் சட்டத்தில் இல்லாமல் இல்லை. வன உயிரினச் சட்டத்தில் 2002-இல் சேர்க்கப்பட்ட சமுதாயக் காப்பகம், மக்கள் தாமாக முன்வந்து காக்கும் நிலத்துக்கானது. அதை நிர்வகிக்கும் குழுவில் ஊராட்சியின் ஆட்களுக்கே பெரும் இடம். ஆனால் அது தனியார் நிலத்துக்கும் சமுதாய நிலத்துக்கும் மட்டுமே பொருந்தும். ஏற்கெனவே சரணாலயமான இடத்தைச் சட்டமே விலக்கி வைக்கிறது. தமிழ்நாட்டு ஏரிகளோ பெரும்பாலும் அரசுப் புறம்போக்கு. எனவே அப்படியொரு காவலுக்கு மிகப் பழைய எழுத்துச் சான்று வைத்திருந்த ஊர், அந்தப் பிரிவின் கீழ் விண்ணப்பிக்கவே முடியாது. சரணாலயங்களுக்கு அதே சட்டம் தருவது ஓர் ஆலோசனைக் குழு. அதில் ஊராட்சிப் பிரதிநிதிகள் கருத்துச் சொல்லலாம். முடிவு எடுப்பது தலைமை வன உயிரினக் காப்பாளர். 1858-இல் ஊராரிடம் இருந்தது தடுக்கும் உரிமை. புறம்போக்கு ஏரிகளைக் காக்கும் ஊர்களுக்கு அந்த உரிமையைச் சட்டப்படி மீட்டுக் கொடுக்க வேண்டுமானால், சமுதாயக் காப்பகப் பிரிவில் அரசு நிலத்தையும் சரணாலயத்தையும் விலக்கும் சொற்களில் கை வைத்தாக வேண்டும்.