ஏலக்காய் ஸ்டோரில் இரண்டு அடுப்பு

போன காய் எடுப்பு சமயத்தில் மாமா போன் பண்ணினார். கம்பம்மெட்டுக்கு மேலே அவருக்குக் கொஞ்சம் ஏலத்தோட்டம் இருக்கிறது. "ஏம் மாப்ள, நீ இஞ்சினியருதான? ஸ்டோருக்கு ஹீட் பம்ப்புனு ஒண்ணு விக்க வந்திருக்காய்ங்க. பழைய டீசல் பர்னரயும் அடுப்பயும் ஒடச்சுப் போட்டுட்டு இத வைங்கங்கறாய்ங்க. ஒடைக்கவா, வேணாமா?" நான் படித்தது கம்ப்யூட்டர் சயின்ஸ் என்று அவருக்கு இருபது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனாலும் கேள்வி பிடித்துப் போனதால் இரண்டு வாரம் இதிலேயே போய்விட்டது.

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு விளக்கம். எங்கள் பக்கம் 'ஸ்டோர்' என்றால் குடோன் இல்லை, ஏலக்காயை உலர்த்தும் கட்டடம். கம்பம் பள்ளத்தாக்குக்கும் மேற்கே இருக்கும் ஏலமலைக்கும் உள்ள உறவு பழையது. மலை திருவிதாங்கூருக்குச் சொந்தம், பயிர் செய்யப் போனவர்களில் பெரும்பகுதி கீழே மதுரை மாவட்டத்துத் தமிழர்கள். ஏலக்காய் அரசாங்கத்தின் ஏகபோகச் சரக்காக இருந்த காலத்தில், விளைந்ததை அரசாங்கத்திடம்தான் கொடுக்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அது போய் நிலவரி வந்தது. மலை இன்று கேரளத்தில் இருந்தாலும், ஏல விற்பனை போடியிலும் நடக்கிறது, புத்தடியிலும் நடக்கிறது. ஏலத்தையே ஏலம் விடுகிற ஊர் என்று போடியைப் பற்றி ஒரு பழைய ஜோக் உண்டு.

வெயிலில் காயவைத்தால் காய் வெளுத்துவிடும். ஒரு காலத்தில் வெளுத்த காய்க்கே சந்தை இருந்தது, கந்தகப் புகை போட்டு வேண்டுமென்றே வெளுக்க வைத்தார்கள். பிறகு அரபு நாடுகளின் காப்பிக்குப் போகும் பச்சைக்காய்தான் விலையைத் தீர்மானிக்க ஆரம்பித்தது. முதல் உலகப்போர்க் காலத்தை ஒட்டி ஏலம் போய்ச் சேர்ந்த குவாத்தமாலா பின்னாளில் இந்தியாவையே முந்தியது. அதற்குப் பிறகு நிறம் போன காய்க்குப் பேரம் பேசவே முடியவில்லை.

நிறத்தைக் காப்பது அடுப்பின் வேலை. பழைய ஸ்டோரில் வெளியே விறகு அடுப்பு, உள்ளே தரையை ஒட்டிச் சுற்றி வரும் தகரக் குழாய், அதற்கு மேலே அடுக்கடுக்காகத் தட்டுகள். புகை குழாய்க்குள்ளேயே போய்விடும், சூடு மட்டும் காய்க்கு ஏறும். வெப்பம் 45 முதல் 50 டிகிரிக்குள் நிற்க வேண்டும். ராத்திரி அடுப்புக்காரர் கண் அசந்து விறகைக் கூடுதலாகத் தள்ளிவிட்டால் காலையில் காய் பழுப்பேறிக் கிடக்கும். ஞள்ளானி ரகம் வந்த பிறகு இன்னொரு நெருக்கடி. கட்டப்பனைப் பக்கத்து விவசாயி செபாஸ்டியன் ஜோசப் தேர்ந்தெடுத்த ரகம் அது. விளைச்சல் பல மடங்கு கூடியது, தாத்தா கட்டிய ஸ்டோர் அதே அளவில்தான் இருந்தது. டீசல், எரிவாயு பர்னரும் காற்றாடியும் வைத்த டிரையர்கள் மலையேறியதற்கு இது ஒரு காரணம் என்பது என் ஊகம்.

இனி ஹீட் பம்ப். இது புது விஷயம் இல்லை. ஃபிரிட்ஜின் தலைகீழ் உபயோகம், அவ்வளவுதான். வெப்ப எந்திரத்தைத் திருப்பி ஓட்டிக் கட்டடத்தைச் சூடாக்கலாம் என்று 1852ல் கெல்வின் எழுதினார். நான்கைந்து வருஷத்தில் ஆஸ்திரியாவில் ரிட்டிங்கர் என்ற பொறியாளர் எபென்ஸே உப்பு ஆலையில் அதே தத்துவத்தை முயன்றார். உப்புநீரில் இருந்து எழும் ஆவியை அமுக்கி, சூடு ஏற்றி, அதே உப்புநீரைக் காய்ச்சுவது. அமுக்குகிற எந்திரத்தை ஓட்டியது தண்ணீர்ச் சக்தி. நோக்கம் விறகு மிச்சம். உப்பு படிந்து தொல்லை கொடுத்ததால் முயற்சி நீடிக்கவில்லை. ஆனால் கவனியுங்கள், ஈரமான பொருளில் இருந்து தண்ணீரை விரட்ட விறகு போதவில்லை என்பதுதான் அங்கேயும் பிரச்சனை. எபென்ஸேக்கும் வண்டன்மேட்டுக்கும் நடுவில் தூரம் மட்டும்தான்.

1938ல் சூரிச் நகரமன்றத்தில் ஒரு ஹீட் பம்ப் வந்தது. லிம்மாட் ஆற்றுத் தண்ணீரில் இருந்து சூட்டை உறிஞ்சி அறைகளுக்குக் கொடுத்தது. அது 2001 வரை இருந்தது, அறுபது வருஷத்துக்கு மேல்! நிலக்கரியை வெளியே இருந்து வாங்க வேண்டிய சுவிஸ்காரர்களுக்கு அதன் அருமை போர்க்காலத்தில் புரிந்தது. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு அமெரிக்காவில் ஏற்கெனவே எண்ணெய் உலை இருந்த வீடுகளில் ஹீட் பம்ப்பை அதனுடன் ஜோடி சேர்ப்பதும் பேசப்பட்டது.

அந்த ஜோடி சேர்க்கும் முறைதான் மாமாவுக்குப் பதில். வெளியே குளிர் கூடக் கூட வீட்டுக்கு வேண்டிய சூடு கூடும், ஹீட் பம்ப் கொடுக்கும் சூடு குறையும். இரண்டு கோடும் வெட்டிக்கொள்ளும் புள்ளி வரை ஹீட் பம்ப், அதற்குக் கீழே பழைய உலை. இரண்டையும் ஒரே காற்றுக் குழாயில் ஒன்றாக ஓட்டக் கூடாது. உலையின் சூடான காற்று ஹீட் பம்ப்பின் சுருள் மேல் அடித்தால் உள்ளே அழுத்தம் எகிறி மெஷின் நின்றுவிடும்.

ஏலக்காய்க்குக் கணக்கு போட்டேன். பச்சைக்காயில் 80 சதவீதம் தண்ணீர், உலர்ந்ததில் 10 சதவீதம் என்று வைத்தால், 500 கிலோ பச்சைக்காயில் இருந்து சுமார் 390 லிட்டர் தண்ணீர் வெளியேற வேண்டும். அதை ஆவியாக்க மட்டும் கிட்டத்தட்ட 260 யூனிட் வெப்பம். பர்னரில் ஒரு லிட்டர் டீசல் எட்டு யூனிட் வெப்பம் தந்தால், குறைந்தது 32 லிட்டர். நிஜத்தில் சூடான காற்றும் ஜன்னல் வழியே போவதால் இதைவிட அதிகம். ஹீட் பம்ப் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று யூனிட் வெப்பம் தந்தால் 87 யூனிட் கரண்டில் முடிந்துவிடும். யூனிட் எட்டு ரூபாய் என்றாலும் எழுநூறு ரூபாய்தான். மூடிய அறையில் ஈரக் காற்றைக் குளிர்வித்துத் தண்ணீரைப் பிரித்து, அந்தச் சூட்டையே திரும்பக் காற்றுக்குக் கொடுக்கிறது. வெளியே ஆடி மழை கொட்டினாலும் அதற்குக் கவலையில்லை.

விற்க வந்தவர் இதுவரை சொன்னதெல்லாம் சரி. சொல்லாதது இரண்டு. ஒன்று, இந்த 390 லிட்டரும் 24 மணி நேரத்தில் சீராக வெளியேறுவதில்லை. முதல் சில மணி நேரத்தில் காய் அப்படியே வியர்க்கும், கடைசியில் சொட்டுச் சொட்டாக இறங்கும். முதல் வேகத்துக்கு ஏற்ற ஹீட் பம்ப் வாங்கினால் மீதி நேரம் பெரிய மெஷின் சும்மா கிடக்கும், பணமும் ரொம்ப. இரண்டு, மழைக்காலத்தில் மலையில் கரண்ட் நிற்காமல் இருந்த ராத்திரியை எனக்குக் காட்டுங்கள். பாதி உலர்ந்த காய் அறைக்குள் மூடிக் கிடந்தால் நிறமும் போகும், பூசணமும் பிடிக்கும். பர்னருக்கும் காற்றாடிக்கும் ஒரு சின்ன ஜெனரேட்டர் போதும். பழைய விறகு ஸ்டோருக்கு அதுகூட வேண்டாம், நிழல் மரங்களைக் கவாத்து பண்ணிய விறகே போதும். விறகு மலிவு என்று காட்டைக் கை வைத்த வரலாறும் எங்கள் மலைக்கு உண்டு. அதனால் அதை முதல் ஆளாக்க எனக்கு மனசில்லை.

மாமாவுக்குச் சொன்னது: நடுத்தர அளவு ஹீட் பம்ப் வாங்குங்க. காய் ஏத்தின முதல் ஆறேழு மணி நேரம் பர்னர், ஜன்னல் திறந்து வைங்க. அப்புறம் ஜன்னல சாத்திட்டு பர்னர அணைச்சு ஹீட் பம்ப்புக்கு மாறுங்க. ரெண்டும் சேந்து ஓடாதபடி ஒரே சுவிட்ச்சுல ரிலே வைங்க. கரண்ட் போனா ஜன்னலத் திறந்து திரும்ப பர்னர்.

"அப்ப அடுப்பு?"

"இருக்கட்டும் மாமா."

ரிலே சர்க்யூட் நான்தான் வரைந்து கொடுத்தேன். முதல் லோடில் மாறும் நேரம் பிந்திவிட்டது, மேல் தட்டுக் காய் லேசாக மஞ்சளடித்தது. நேரத்தை வைத்து மாற்றாமல், வெளியேறும் காற்றின் ஈரத்தைப் பார்த்து மாற்ற ஒரு சென்சார் வாங்கி அனுப்பியிருக்கிறேன். அடுத்த காய் எடுப்பில் நேரில் போய்ப் பார்க்க வேண்டும்.