லவ் லேன் முதல் கிரீன் லேன் வரை: ஒரு பள்ளிக்கூடம் வளர்ந்த வரலாறு

ஃபார்குவார் ஸ்திரீட்டில் உள்ள மாநில அருங்காட்சியகக் கட்டடத்தைப் பினாங்கில் பார்க்காதவர் இருக்க முடியாது. ஆனால், அது ஒரு காலத்தில் பள்ளிக்கூடம் என்பதும், இன்று நாம் காண்பது அதில் பாதிதான் என்பதும் நம் பிள்ளைகள் பலருக்குத் தெரியாது.

கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் 1801-இல் தோன்றியது. அதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்குப் பின், 1816 அக்டோபர் 21-ஆம் நாள், பாதிரியார் ராபர்ட் ஸ்பார்க் ஹட்சிங்ஸ் முயற்சியால் பினாங் ஃபிரீ ஸ்கூல் தொடங்கியது. இடம், லவ் லேனில் ஒரு வாடகை வீடு. சூலியா ஸ்திரீட்டில் குடியிருந்த நம்மவருக்கு அது நடந்து போகும் தூரம்தான். 'இலவசப் பள்ளி' என்று தமிழில் எழுதுகிறோம். எல்லா இனத்தாருக்கும் மதத்தாருக்கும் திறந்த பள்ளி என்பதே அப்பெயரின் முதன்மையான பொருள். யாருடைய மத உணர்வும் புண்படக் கூடாது என்பது தொடக்கத்திலேயே வகுத்துக்கொண்ட நெறி.

அங்கே நடந்த தமிழ் வகுப்பையே இந்நாட்டுத் தமிழ்க் கல்வியின் தொடக்கமாகக் கொண்டு, 2016-இல் இருநூறாம் ஆண்டைக் கொண்டாடினோம்.

பள்ளி 1821-இல் ஃபார்குவார் ஸ்திரீட்டுக்கு வந்தது. மாணவர் பெருகவே, பழைய இடம் போதவில்லை. புதிய கட்டடத்தை ஒரே மூச்சில் எழுப்பவில்லை. 1896-இல் ஒரு பகுதி, 1906-இல் மறு பகுதி என இரண்டு கட்டமாகக் கட்டினார்கள். பின்னாளில் நாட்டின் முதல் பிரதமரான துங்கு அப்துல் ரஹ்மானும் இங்குப் படித்தவரே.

அதுவும் போதாமல், 1928-இல் பள்ளி கிரீன் லேனில் விரிந்த திடலோடு கூடிய புதிய வளாகத்துக்கு மாறியது. இன்று அச்சாலையின் பெயர் ஜாலான் மஸ்ஜித் நெகிரி. பழைய கட்டடத்தை அவர்கள் கைவிடவில்லை. ஹட்சிங்ஸ் பள்ளி அங்கே நடந்தது. பெரிய பையன்கள் தொலைவுக்குப் போனாலும், நகரத்துச் சிறுவர்களுக்கு அருகிலேயே பள்ளி இருந்தது.

இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்து கட்டடத்தின் ஒரு பாதி அழிந்தது. எஞ்சிய பாதிதான் 1965-இல் அருங்காட்சியகமாயிற்று.

இந்த வரலாற்றில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. சொந்தச் சுவர்கூட இல்லாமல் வாடகை வீட்டில் தொடங்கிய பள்ளி இரண்டு நூற்றாண்டுகளைத் தாண்டிவிட்டது. அதே பள்ளியில் தொடங்கிய தமிழ் வகுப்போ போதிய ஆதரவின்றி நீடிக்கவில்லை. பள்ளிக்குக் கட்டட நிதி திரட்டுவதில் நம்மவர் சளைத்தவர்கள் அல்லர். கூரை போட்டபின் அங்கே யார் கற்பிப்பார், எத்தனை பிள்ளைகள் வருவார்கள் என்பதையும் அத்துடன் சேர்த்தே திட்டமிட வேண்டும்.

அடுத்த முறை ஃபார்குவார் ஸ்திரீட் வழியாகப் போகும்போது, அந்தக் கட்டடத்தைப் பேரப்பிள்ளைகளுக்குக் காட்டி, அதன் மறு பாதி எங்கே போயிற்று என்று சொல்லுங்கள். தமிழ் வகுப்பைப் பற்றியும் சொல்லுங்கள்.